செண்பகம் கையைக் கட்டிக்கொண்டிருந்த காலை

"நீங்க யாரும்மா?" என்று குருசாமி கேட்டார். அவர் கேட்டது, பதினாறு வருடம் தன்னோடு குடும்பம் நடத்திய மனைவியை.

ராஜபாளையத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். மாடியில் மூன்றாம் நம்பர் அறை. காலை ஏழு மணி இருக்கும். ஜன்னலுக்குக் கீழே ஷிப்ட் முடிந்த மில் பெண்கள் பஸ்ஸுக்கு நின்றபடி பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து அறையில் யாரோ இட்லிப் பொட்டலம் பிரித்த வாசனை, தரை துடைத்த மருந்து நெடியையும் மீறி வந்தது.

"நான்தான், செண்பகம்" என்றாள் அவள். தினமும் சொல்கிற பதிலைச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள்.

"செண்பகமா? எந்த ஊரும்மா?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்."

"அப்ப நம்ம ஊருதான். உக்காருங்க, எதுக்கு நின்னுக்கிட்டு இருக்கீங்க?"

நான் கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் ஓடியும் அந்த மனிதரின் பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. விரல்கள் நடுங்கின. செண்பகம் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"பயப்படாதீங்க டாக்டரம்மா. காலையில இப்பிடித்தான். செத்த நேரத்துல சரியாயிருவாவ." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மூணு வருசமா காலையில என்னைய நீங்கன்னுதான் கூப்பிடுதாவ."

மரியாதை ஒரு பெண்ணை இவ்வளவு வாட்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பட்டினி போட்டது நான்

நான் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர். ஊரில் எங்களை யாருக்கும் தெரியாது. வயிற்றைக் கிழித்த சர்ஜனுக்கு ஆப்பிளும் சாத்துக்குடியும் போகும். அந்த நேரம் முழுக்க மூச்சைப் பிடித்துக் கொடுத்தவள் பெயர் பில்லில்கூடச் சரியாக இருக்காது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் என் பழைய காரை ஓட்டிக்கொண்டு போவதுதான் என் தொழில்.

நான் எழுதுவதைப் படிக்கிற ஒரு வாசகர், "மயக்கம் கொடுத்த பிறகு நீங்களும் கொஞ்சம் கண்ணயர்வீர்களா?" என்று கேட்டு எழுதியிருந்தார். அய்யா, நோயாளி தூங்குகிற நேரத்தில் அந்த அறையில் கண் இமைக்காமல் இருக்கிற ஒரே ஆள் நான்தான்.

குருசாமி வந்தது குடலிறக்க ஆபரேஷனுக்கு. அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்தும் பால்கோவா அடுப்பில் அவர்தான் மாஸ்டர். இருபது வருடம் பெரிய இரும்புச் சட்டியில் துடுப்பைப் போட்டுக் கிண்டியதும், பால் கேன் தூக்கியதும் சேர்ந்து அடிவயிறு இறங்கிவிட்டது. ஆபரேஷன் என்றால் முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டோடு நிறுத்திவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அவரைப் பட்டினி போட்டது நான்தான்.

"தண்ணி போட்டிருப்பாரோ மேடம்?" என்று சிஸ்டர் என் காதில் கேட்டாள். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. ஆனால் வாயில் வாடை இல்லை. அந்தக் குளிர்ந்த வியர்வை என்னை உறுத்தியது. விரலில் குத்தி சுகர் பார்க்கச் சொன்னேன்.

முப்பத்து நான்கு. எழுபதுக்குக் கீழே போகக் கூடாது. மிஷின் பழுது என்று நினைத்து அடுத்த விரலில் குத்தினோம். முப்பத்து இரண்டு.

அந்த அளவில் பலர் நினைவிழந்துவிடுவார்கள். இந்த மனிதர் உட்கார்ந்து ஊர் விசாரித்துக்கொண்டிருக்கிறார். அவசரமாக நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினேன். ஊசியைக் கழற்றி முடிக்கவில்லை, அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பினார்.

"ஏட்டி, காப்பி குடிச்சியா?"

செண்பகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் கையிலிருந்த காலி மருந்துக் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுல என்னம்மா இருந்துச்சு?" என்று கேட்டாள். சர்க்கரைத் தண்ணீர் என்றேன். அந்தப் பதிலைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று மூன்று நாள் கழித்து நினைத்தேன்.

அருவியும் புளியோதரையும்

மூன்று வருடக் கதையைச் செண்பகம் சொன்னாள். முதலில் விடியற்காலையில் உளறல். பிறகு ஒருநாள் கை கால் இழுத்துக்கொண்டது. ஓர் ஊர் ஆஸ்பத்திரியில் வலிப்பு என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே வலிப்பு வந்தது.

அண்ணன்காரர் தம்பியை அய்யனார் கோவிலுக்குக் கூட்டிப்போனார். வெறும் வயிற்றோடு அங்குள்ள அருவியில் நிறுத்தித் தலை நனைத்தார்கள். அங்கே குருசாமி யாரையும் தெரியாமல் கத்தினார். பிறகு கரையேற்றி, கட்டிக்கொண்டு போன புளியோதரையைக் கொடுத்தார்கள். தின்ற கொஞ்ச நேரத்தில் தெளிந்து, ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அருவி. புண்ணியம் முழுக்க அய்யனாருக்குப் போனது. புளியோதரையை யாரும் நினைக்கவில்லை.

நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அவர்களைச் சொல்லி என்ன? பால்கோவா மாஸ்டர் ஆள் நல்ல பருமன். மூன்று வருடத்தில் இன்னும் பெருத்திருந்தார். அப்படி ஒரு ஆளைப் பார்த்து, சர்க்கரை போதாமல் கிறுக்குப் பிடிக்கிறது என்று எந்த மகராசனுக்குத் தோன்றும்?

வேடிக்கை இதோடு நிற்கவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்ததால், தம்பிக்கும் வந்துவிடும் என்று அண்ணன் பயந்தார். நாளெல்லாம் அடுப்படியில் பதம் பார்க்க ஒரு விரல், ஒரு விள்ளல் என்று வாயில் போட்டுக்கொண்டிருந்தவரை, 'இனி இனிப்பைத் தொடாதே' என்று தடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் நோய் வெளியே தெரிந்தது. எத்தனை வருடமாக அந்த விள்ளல்கள் அவரைத் தாங்கிப் பிடித்தனவோ தெரியாது.

"பத்து மணிக்கு மேல என் புருசன் தங்கமான மனுசன்" என்றாள் செண்பகம். "காலையிலதான் இப்பிடி. ஒரே பாயில பக்கத்துலயேதான் கெடக்கேன். ஆனா அவியளத் தேடுது டாக்டரம்மா."

எறும்பு

வயிற்றுக்குப் பின்னால் கணையம் இருக்கிறது. சர்க்கரையைக் குறைக்கிற இன்சுலின் அங்கேதான் சுரக்கிறது. அதில் பல லட்சத்தில் ஒருவருக்கு என்று சொல்லும்படி அபூர்வமாக ஒரு சின்னக் கட்டி முளைக்கும். அது வேளை கெட்ட வேளையில் இன்சுலினைக் கொட்டிக்கொண்டே இருக்கும். நான் அதைப் பாடப் புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

சர்ஜன் ஜெயராமன் நிதானமான மனிதர். இருபது வருடம் ஒரே மேஜையின் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறோம். "ஒரு தடவை சுகர் இறங்கினதுக்காகக் கணையத்துல கை வைக்க முடியாதும்மா. பட்டினி போட்டு நிரூபிக்கணும்" என்றார்.

தண்ணீர் தவிர எதுவும் கொடுக்காமல் ஆளை வைத்திருப்பார்கள். சுகர் இறங்கி, ஆள் தடுமாறும் அந்த நேரத்தில் ரத்தம் எடுக்க வேண்டும். அதில் இன்சுலின் மிகுந்திருந்தால் கட்டி இருக்கிறது என்று அர்த்தம்.

குடலிறக்க ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டு ஆரம்பித்தோம். முதல் நாள், காலைச் சாப்பாட்டோடு நிறுத்தியதும் தொண்ணூறு. மாலை எண்பத்தெட்டு. மறுநாள் காலை தொண்ணூற்றைந்து. குருசாமி தெளிவாக எழுந்து, பேப்பர் கேட்டு வாங்கிப் படித்தார். மூன்றாம் நாள் காலையும் அதே கதை.

ஜெயராமன் வராந்தாவில் என்னிடம் சொன்னார்: "கட்டி இல்லை. வீட்ல யாருக்காவது சுகர் மாத்திரை உண்டா? அதை முழுங்கினாலும் இப்படி இறங்கும்."

அவர் யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார். ஆனால் பின்னால் அண்ணன்காரர் நின்றிருந்தார்.

"எங்க அம்மா சாப்பிடுதா சார். மாத்திரை எடுத்துக் குடுக்கது இவதான்" என்றார். பிறகு அறைக்குள் பார்த்து, "மூணு வருசமா எந்தம்பிக்கு எதைக் கலந்து குடுத்தன்னு இப்பமே சொல்லிரு. இல்லன்னா இங்கன இருந்தே உங்க அய்யா வீட்டுக்கு பஸ் ஏறிரு" என்றார்.

செண்பகம் பையை எடுத்தாள். துணிகளை அதற்குள் வைக்க ஆரம்பித்தாள். குருசாமி குளிக்கப் போயிருந்தார்; அவளுக்கு உதவியாக உள்ளே போய்க் கட்டில் தலையணையைத் தூக்கினேன். உறைக்கு அடியிலிருந்து கட்டில் கால் வரைக்கும் எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது.

உறைக்குள் கையை விட்டேன். மந்தார இலையில் மடித்த பால்கோவா.

கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டேன். "எத்தனை தடவை குடுத்த?"

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க. சின்ன உருண்டைதாம்மா."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, குடுக்காதன்னு."

"நீங்கதானம்மா சர்க்கரைத் தண்ணின்னு சொன்னிய. அதத் தின்னா என்னையத் தெரியுதுன்னா, எப்பிடிக் குடுக்காம இருக்க?" என்றாள். "ரெண்டு காலை, டாக்டரம்மா. ரெண்டு காலையும் கண்ணு முழிச்சதும் ஏட்டின்னு கூப்பிட்டாவ."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எரிந்து விழுந்தேன். ஊரில் எவளாவது பால்கோவாவை ஒளித்துக் கொடுத்துப் புருஷனைக் கெடுப்பாளா என்று கேட்டேன். அவள் தலை குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். காரில் வந்து உட்கார்ந்த பிறகு என் கோபம் அவள் மேல் இல்லை என்று தெரிந்தது.

நான் எழுப்பாமல் போன காலை

என் கணவர் ராணுவத்தில் இருந்தவர். எங்கள் திருமண வாழ்க்கையில் பாதி லீவுக்கும் லீவுக்கும் நடுவே கழிந்தது. ஓய்வு பெற்று வந்த பிறகு எட்டு வருடம் சேர்ந்து இருந்தோம். அவர் காலை ஐந்து மணிக்கு எழாத நாள் கிடையாது. எழுந்ததும் வீட்டில் சாமான் உருட்டுகிற சத்தம் கேட்கும். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒருநாள் ஐந்தரை மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். சிசேரியன். நான் கிளம்பும்போது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஒருநாளாவது நன்றாகத் தூங்கட்டும் என்று சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனேன்.

ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தபோதும் அப்படியே படுத்திருந்தார்.

எப்போது போனார் என்று எனக்குத் தெரியாது. நான் கதவைச் சாத்தியபோது இருந்தாரா என்பதும் தெரியாது. ஆயிரக்கணக்கானவர்களின் மூச்சைப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியவள், அன்றைக்கு அந்த ஒரு மூச்சைக் கவனிக்கவில்லை. ஏழு வருடம் ஆகிறது. இன்னமும் காலை ஐந்து மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அவரைத் தேடுகிறது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வந்திருவா

அன்று மத்தியானமே திரும்பிப் போய், ஜெயராமனிடம் எறும்பைப் பற்றிச் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். ஒரு நாள் நன்றாகச் சாப்பிட விட்டு மறுபடியும் பார்க்கலாம் என்றார். அண்ணன்காரரையும் அறைக்கு உள்ளே தெரிகிற மாதிரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். மாத்திரை உள்ளே போகவில்லை என்பதற்கு அவரே சாட்சியாக இருக்கட்டும்.

செண்பகத்திடம் நான்தான் பேசினேன். "இந்தத் தடவை நீ எதுவும் குடுக்கக் கூடாது. அவர் உன்னை மறக்கிற வரைக்கும் நாம காத்திருக்கணும். மறந்த பிறகு ரத்தம் எடுக்கணும். எடுத்து முடிச்சாத்தான் குளுக்கோஸ். அவரை முழுசாத் திருப்பிக் கொண்டுவரணும்னா இது ஒண்ணுதான் வழி."

"நான் வெளிய இருக்கட்டா?"

"உன் இஷ்டம்."

கட்டிலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இங்கனயே இருக்கேன்" என்றாள்.

ராத்திரிச் சாப்பாட்டோடு நிறுத்தினோம். காலை எட்டு மணிக்குச் சுகர் ஐம்பத்திரண்டு. எட்டரைக்கு நாற்பத்தைந்து. குருசாமி பேச்சுக்கு நடுவே வார்த்தைகளை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார். செண்பகம் கட்டில் ஓரத்து ஸ்டூலில், இரண்டு கையையும் மார்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பது மணிக்கு அவர் அவளைப் பார்த்தார். முகத்தில் வியர்வை வழிந்தது.

"நீங்க யாரும்மா?"

அவள் ஸ்டூலில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டுக்காரி இங்கனதான் இருந்தா. பாத்தீங்களா? அவளக் கொஞ்சம் வரச் சொல்லுங்களேன். எனக்கு ஒரு மாதிரியா வருது."

"வந்திருவா" என்றாள் செண்பகம்.

"அவ வந்தா எல்லாம் சரியாயிரும்."

"இப்ப வந்திருவா. செத்தப் பொறுத்துக்கோங்க."

முப்பத்தாறு. நான் ரப்பரைக் கட்டி நரம்பைத் தேடினேன். வியர்வையில் தோல் வழுக்கியது. முதல் குத்து தவறியது. என் வாழ்க்கையில் எத்தனை ஆயிரம் நரம்பில் ஊசி போட்டிருப்பேன், அந்த நேரம் பார்த்துத் தவறியது. குருசாமி கையை இழுத்துக்கொண்டு, "அவ எங்க, அவ எங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். செண்பகம் கட்டிய கையைப் பிரிக்கவில்லை. இரண்டாம் குத்தில் ரத்தம் வந்தது. மூன்று குழாய்கள் நிறைய வேண்டும். மூன்றாவது நிறைகிற வரைக்கும் அந்த அறையில் அவர் குரல்தான் கேட்டது.

பிறகு குளுக்கோஸ் போனது.

"எங்கட்டி போன இம்புட்டு நேரம்?" என்றார் குருசாமி.

"இங்கனதான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வராந்தாவுக்குப் போனாள். வெளியே அண்ணன்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அவள் அவரைக் கடந்து போய், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள்.

சுண்டைக்காய்

ரத்தம் ஐஸ் பெட்டியில் மதுரைக்குப் போனது. இன்சுலின் எக்கச்சக்கம். மாத்திரைச் சுவடு எதுவும் இல்லை என்று இன்னொரு சோதனை முடிவு பத்து நாள் கழித்து வந்தது. ஸ்கேனில் கணையத்தின் நடுப்பகுதியில் ஒரு மங்கலான புள்ளி. இருக்கிறது என்றால் இருக்கிறது, இல்லை என்றால் இல்லை.

ஜெயராமன் வீம்பு பிடிக்கிற ஆள் இல்லை. இந்த ஆபரேஷனைச் செய்து பழகிய தன் நண்பர் ஒருவரை மதுரையிலிருந்து வரவழைத்தார். ஆபரேஷன் மேஜையில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். நான் தலைமாட்டில் உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுகர் பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வயிற்றைத் திறந்து, கணையத்தை விடுவித்து, இரண்டு விரலுக்கு நடுவே வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டே போனார்கள். இந்தக் காலத்திலும், எந்த மிஷினையும்விட விரல்தான் அங்கே வேலை செய்கிறது. கால் மணி நேரம் ஒன்றும் அகப்படவில்லை. "வெறுங்கையோட மூடணுமோ" என்று ஜெயராமன் முணுமுணுத்தார். மறுபடியும் தேட வேண்டுமானால் மறுபடியும் அந்த ஸ்டூல், மறுபடியும் அந்தக் கட்டிய கைகள்.

நண்பரின் விரல் ஓரிடத்தில் நின்றது. "இங்க பிடிச்சுப் பாருங்க."

சுண்டைக்காய் அளவுதான் இருந்தது. பழுப்புச் சிவப்பில் ஓர் உருண்டை. அதைச் சுற்றி நோகாமல் உரித்து எடுத்தார்கள். கட்டி வெளியே வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்த ஒரு ஆபரேஷனில் மட்டும், முடிந்ததா இல்லையா என்று சொல்வது மயக்க டாக்டர்தான்.

"அறுபத்தி நாலு" என்றேன். பத்து நிமிடம் கழித்து, "எழுபத்தி ஒம்பது." அடுத்தது, "நூத்திப் பன்னெண்டு." குளுக்கோஸைக் குறைத்துக்கொண்டே வந்தேன், எண் ஏறிக்கொண்டே போனது. ஜெயராமன் முகமூடிக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது.

எழுப்பு

ஆனால் உண்மையான பரீட்சை அதற்குப் பிறகுதான். சில நாள் சுகர் கன்னாபின்னாவென்று ஏறி, பிறகு அடங்கியது. அதுவரை படுக்கையில் வாய் கொப்பளிப்பது மட்டும்தான். எட்டாம் நாள் எல்லா டிரிப்பையும் கழற்றினார்கள். ராத்திரி சாதாரணச் சாப்பாடு. அதோடு சரி. காலையில் வெறும் வயிற்றோடு எழும்போது எப்படி இருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

மறுநாள் எனக்கு அங்கே கேஸ் எதுவும் இல்லை. இருந்தாலும் ஆறரைக்கே போய்விட்டேன்.

குருசாமி தூங்கிக்கொண்டிருந்தார். செண்பகம் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

"இன்னும் எழுப்பலையா?"

"வேண்டாம்மா" என்றாள். "பயமா இருக்கு. தூங்குற வரைக்கும் எம்புருசன். கண்ணைத் தொறந்து நீங்க யாருன்னு கேட்டுட்டா? இவ்வளவும் பண்ணின பொறவு கேட்டுட்டா? இன்னும் செத்த நேரம் தூங்கட்டும்."

என் குரல் எனக்கே அந்நியமாக வந்தது. "எழுப்பு" என்றேன். "தூங்கட்டும்னு விடாத. இப்பவே எழுப்பு."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு அவர் தோளில் கையை வைத்து மெதுவாக அசைத்தாள். குருசாமி முனகினார். கண்ணைத் திறந்தார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"எம் பல்பொடி எங்கட்டி?"

செண்பகம் ஸ்டூலிலிருந்து எழுந்து அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"உன்னையத்தான் கேக்கேன். பல்பொடி எடுத்துட்டு வந்தியா இல்லியா?"

"வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன்."

"நல்லா வந்த போ. ஒரு சாமானாவது நெனப்பா எடுத்து வைக்கியா?"

"இங்கன எட்டு நாளா நான் கெடக்க கெடப்புல பல்பொடிதான் கொறச்சலு" என்று அவள் குரலை உயர்த்தினாள். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, வாயும் ஓயவில்லை. "பேஸ்டு வச்சுத் தேச்சா பல்லு கொட்டியா போயிரும்?"

"எனக்கு அது வழவழன்னு பிடிக்காதுன்னு உனக்குத் தெரியாதா?"

சிஸ்டர் வந்து விரலில் குத்தினாள். எண்பத்தாறு என்று என்னிடம் காட்டினாள். தலையசைத்தேன். இனி நான் அங்கே நிற்க ஒரு காரணமும் இல்லை. கிளம்பியிருக்கலாம்.

கிளம்பவில்லை. கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்துகொண்டு, அந்தச் சண்டை ஓய்கிற வரைக்கும் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டு நின்றேன். என் வீட்டில் பல்பொடி எங்கே என்று கேட்க ஆள் இல்லை.